அண்டை வீட்டாரைத் திட்டமிட்ட நகரம்

ஊர்கள் பெரும்பாலும் தாமாகவே வளர்கின்றன. ஆற்றங்கரையில் ஒரு துறை அமையும். துறையை ஒட்டி ஒரு சந்தை கூடும். சந்தையைச் சுற்றித் தெருக்கள் கிளைக்கும். எந்தத் தெருவில் யார் குடியிருப்பது என்பதைத் தொழிலும் உறவும் செல்வமும் பழக்கமும் தலைமுறை தலைமுறையாக முடிவு செய்து வந்திருக்கின்றன. அதனால்தான் பழைய ஊர் ஒன்றின் தெருப்பெயர்களைப் படித்தாலே, அவ்வூரில் யார் யாரோடு சேர்ந்திருந்தார்கள், யார் யாரை விலக்கி வைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது.

இதற்கு மாறாக, முதல் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, பள்ளிக்கூடம் எங்கே, கடைத்தெரு எங்கே, ஏரி எங்கே என்று வரைந்து வைத்துக்கொண்டு ஓர் ஊரை உண்டாக்க முடியுமா? அதைவிடக் கடினமான வினா ஒன்றும் உண்டு. வெவ்வேறு நிறத்தாரும் வெவ்வேறு வருவாயுடையோரும் அடுத்தடுத்த வீடுகளில் அமைதியாக வாழும்படி, அண்டை அயலையே திட்டமிட முடியுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகருக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் இடையே அமைந்துள்ள கொலம்பியா என்னும் புறநகரின் வரலாறு, இந்த இரு வினாக்களுக்கும் விடை தேடிய வரலாறாகும்.

முன் நின்ற மாதிரிகள்

திட்டமிட்ட புறநகர் என்ற எண்ணம் இங்கிலாந்தில் உருப்பெற்றது. புகையும் நெரிசலும் மிகுந்த இலண்டனைக் கண்டு மனம் வருந்திய எபனேசர் ஹோவர்டு என்பார், 1898-இல் வெளியிட்ட நூலொன்றில் தோட்ட நகரம் என்ற கருத்தை முன்வைத்தார். நகரத்தின் வசதியும் நாட்டுப்புறத்தின் காற்றும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும். நிலத்தின் மதிப்பு உயர்வதால் வரும் ஆதாயம் அங்கு வாழும் மக்களுக்கே சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1903-இல் லெட்ச்வொர்த் என்ற ஊர் அக்கொள்கைப்படி தொடங்கப்பெற்றது.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த புறநகர்கள் வேறு வகையின. போர் முடிந்து திரும்பிய இலட்சக்கணக்கான வீரர்களுக்கு வீடு தேவைப்பட்டது. லெவிட் குடும்பத்தார், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில், 1947-க்கும் 1951-க்கும் இடையே 17,000-க்கும் அதிகமான வீடுகளைத் தொழிற்சாலையில் பொருள் செய்வதுபோல் கட்டிக் குவித்தார்கள். வேலையைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனிக் குழுவை அமர்த்தி, வீட்டுக்கு வீடு நகரச் செய்தார்கள். வேலை உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு 30 வீடுகள் வரை முடிந்தன என்பர். எளிய வருவாயுடைய குடும்பமும் சொந்த வீடு பெற முடிந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த வாசல் எல்லாருக்கும் திறக்கவில்லை. வெள்ளையர் அல்லாதார் வேலைக்காரராகவன்றி அங்கு வசிக்கலாகாது என்று லெவிட்டவுனின் தொடக்ககால ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரமாட்டா என்று 1948-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் வழக்கம் மாறவில்லை. வீட்டுக் கடனுக்கு உறுதி நின்ற மைய அரசின் நிர்வாகமே, கறுப்பர்கள் குடியேறும் பகுதிகளில் நிலமதிப்பு குன்றும் என்று கருதி, நெடுங்காலம் அவர்களை ஒதுக்கி வைத்த நடைமுறைக்குத் துணைபோயிற்று. 1957 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் முதல் கறுப்பர் குடும்பம் ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுந்தபோது, இரவு தோறும் கும்பல் கூடியது, கற்கள் பறந்தன, மாநிலக் காவல்படை வந்து நிற்க வேண்டியதாயிற்று. நேர்த்தியாகத் திட்டமிட்ட தெருக்கள். ஆனால் அத்தெருக்களில் அண்டை வீட்டாருக்கு நேர்ந்தது இது.

ஜேம்ஸ் ரௌஸ்

கொலம்பியாவைக் கண்ட ஜேம்ஸ் ரௌஸ், 1914-இல் மேரிலாந்தின் ஈஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பதினாறாம் வயதில், ஒரே ஆண்டில் தாயையும் தந்தையையும் இழந்தார். பெற்றோர் வாழ்ந்த வீடும் கடனுக்காகப் பறிபோயிற்று. வீட்டை இழந்த அந்த இளைஞரே பின்னாளில் வீட்டுக்கடன் தொழிலில் புகுந்தார் என்பது எண்ணத்தக்கது. பால்டிமோரில் கார் நிறுத்துமிடத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் சட்டம் பயின்று, 1937-இல் பட்டம் பெற்றார். 1939-இல் கூட்டாளி ஒருவரோடு அடமானக் கடன் நிறுவனம் தொடங்கினார். பின்னர் பெரும் வணிக வளாகங்களைக் கட்டிப் பொருளீட்டினார். 1958-இல் அவர் கட்டிய ஹரண்டேல் வளாகம், முழுவதும் கூரையிட்ட வணிக வளாகங்களில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் முன்னோடிகளுள் ஒன்று.

நகரங்கள் நோக்கமின்றிப் பரவுவதைக் கண்டு அவர் கவலை கொண்டார். இங்கே ஒரு வயல் விலைபோகும், அங்கே ஒரு தோப்பு வெட்டப்படும். பள்ளியும் மருத்துவமனையும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். இதைவிடச் சிறந்த ஒன்றைச் செய்யலாம், அதைச் செய்து இலாபமும் பெறலாம் என்பது அவர் நம்பிக்கை. முழுமையான நகரொன்றைக் கட்டுதல், நிலத்தின் இயல்பை மதித்தல், மனிதரின் வளர்ச்சிக்கு இடமளித்தல், இலாபம் ஈட்டுதல் என்ற நான்கையும் குறிக்கோளாக அவர் அறிவித்தார். நான்காவதை அவர் மறைக்கவில்லை. இலாபம் தராத நகரை வேறு எவரும் பின்பற்றமாட்டார் என்று கருதினார்.

மறைவாக வாங்கிய நிலம்

ஹோவர்டு மாவட்டம் அன்று பண்ணைகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த பகுதி. 1960-இல் அதன் மக்கள்தொகை சுமார் 36,000 மட்டுமே. மாவட்டத்தின் நாட்டுப்புற இயல்பைக் காப்போம் என்று சொன்னவர்களையே 1962 தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அத்தகைய இடத்தில், ஒரு நகரமே வரப்போகிறது என்ற செய்தி வெளிப்பட்டால் நிலத்தின் விலை ஒரே நாளில் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். எனவே ரௌஸ், பெயர் தெரியாத சிறு நிறுவனங்கள் பலவற்றின் வழியே 1962-63-ஆம் ஆண்டுகளில் நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கினார். அதற்கான பணத்தைக் கனெக்டிகட் ஜெனரல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தந்தது. அதன் தலைவராக விளங்கிய பிரேசர் வைல்டின் பெயர்தான் பின்னர் ஊரின் முதல் ஏரிக்கு இடப்பெற்றது.

யாரோ நிலம் வாங்குகிறார்கள் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்தது. வதந்திகளுக்குக் கேட்பானேன்? ஜெர்மானியக் கார்த் தொழிற்சாலை வருகிறது என்றனர் சிலர். நோய்க்கிருமி ஆயுதங்களுக்கான ஆய்வுக்கூடம் என்றனர் வேறு சிலர். வாஷிங்டனின் கழிவுகளைக் கொட்டும் இடம் என்றும் பேச்சு எழுந்தது. 1963 அக்டோபர் இறுதியில் ரௌஸ் மாவட்ட ஆட்சிக்குழுவின் முன் தோன்றி உண்மையை அறிவித்தார். மாவட்டத்தின் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 14,000 ஏக்கர், அப்போது அவர் கையில் இருந்தது. ஏக்கர் ஒன்றுக்குச் சராசரியாக 1,500 டாலர் அளவில் அவர் கொடுத்திருந்தார்.

இந்த மறைவு முறையானதா என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது. விற்ற உழவர்கள் அன்றைய விலையைப் பெற்றார்கள் என்பது உண்மை. வாங்குகிறவர் யார், எதற்காக வாங்குகிறார் என்பதை அறியாமல் விற்றார்கள் என்பதும் உண்மை. எல்லாரும் கூடி வாழும் ஓர் ஊரின் அடித்தளம், எவருக்கும் சொல்லாத ஓர் இரகசியத்தின்மேல் இடப்பெற்றது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதன்பின் ரௌஸ் மக்களிடம் மறைக்கவில்லை. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு விளக்கினார். 1964 நவம்பரில் திட்டத்தை வெளியிட்டார். புதுநகருக்கென்று தனி நிலப்பயன்பாட்டு விதி 1965 ஆகஸ்டில் மாவட்டத்தால் ஏற்கப்பட்டது.

ஓர் ஊரின் அமைப்பு

திட்டம் தீட்டுவதற்கு முன் ரௌஸ் செய்த காரியம் புதுமையானது. கட்டடக் கலைஞர்களை மட்டும் அழைக்காமல், சமூகவியல், கல்வி, மருத்துவம், உளவியல், நிர்வாகம், போக்குவரத்து முதலான துறைகளின் அறிஞர்களைக் கூட்டி மாதக்கணக்கில் விவாதிக்கச் செய்தார். லெவிட்டவுன் வகைப் புறநகர் ஒன்றில் தாமே குடியிருந்து ஆராய்ந்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கேன்ஸ் அவர்களுள் ஒருவர். மனிதர் எப்படி வாழ விரும்புகின்றனர் என்பதை முதலில் கேட்டு, அதற்கேற்பச் சுவர் எழுப்புவோம் என்பதே இதன் கருத்து.

அவ்வாறு உருவான அமைப்பு வருமாறு: சில நூறு வீடுகள் சேர்ந்தது ஓர் அக்கம்பக்கம், அதன் நடுவே தொடக்கப்பள்ளி. குழந்தை நடந்தே பள்ளிக்குப் போகலாம். மூன்று நான்கு அக்கம்பக்கங்கள் சேர்ந்தது ஒரு கிராமம். அதன் நடுவே மளிகைக் கடை, கூட்டம் கூடும் மண்டபம், உயர்பள்ளி. கிராமங்களுக்கெல்லாம் நடுவே ஏரிக்கரையில் நகர மையம். தபால் பெட்டியைக்கூட வீட்டுக்கொன்றாக வைக்காமல், பல வீடுகளுக்குப் பொதுவாக ஓரிடத்தில் வைத்தார்கள். கடிதம் எடுக்க வரும்போதாவது அயலார் ஒருவரையொருவர் பார்த்து நலம் விசாரிக்கட்டும் என்பது நோக்கம்.

வழிபாட்டிலும் இந்த எண்ணம் புகுந்தது. சமயத்துக்கொரு கட்டடம் என்றில்லாமல், பல சபையார் ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்ளும் பொது மையங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அவற்றுள் முதலாவது 1970-இல் வைல்டு லேக் கிராமத்தில் திறக்கப்பட்டது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு சபையாரும் யூதரும் நேரம் பகிர்ந்து அதனைப் பயன்படுத்தினர்.

இலக்கிய அன்பர்கள் சுவைக்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அருகிலுள்ள ஊர்களில் ஏற்கெனவே இருந்த பெயர்கள் திரும்ப வரலாகாது என்பதால், தெருக்களுக்குப் பெயர் தேடுவது பெரும்பாடாயிற்று. பெயர் சூட்டியவர்கள் கவிதைகளிலும் கதைகளிலும் புகுந்து சொற்களைத் திரட்டினார்கள். லாங்ஃபெலோ, பிரையண்ட், ஃபாக்னர் போன்ற எழுத்தாளர்களின் பெயர்களே அங்கு அக்கம்பக்கங்களின் பெயர்களாக நிலைத்துவிட்டன.

நகரின் பொது நிலங்களைப் பேணுவதற்கு வீட்டு உரிமையாளர்களின் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. சொத்தின் மதிப்புக்கேற்ப ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். இன்று ஏறத்தாழ 3,600 ஏக்கர் திறந்தவெளியும், மூன்று பெரிய ஏரிகளும், நடைபாதைகளும் அச்சங்கத்தின் பொறுப்பில் உள்ளன. இங்கொரு விந்தையும் உண்டு: இத்தனை பெரிய ஊருக்கு இன்றளவும் நகராட்சியோ நகரத்தலைவரோ கிடையாது. சட்டப்படி ஆள்வது மாவட்ட ஆட்சியே.

நிறவேற்றுமைக்கு எதிராக

1967 ஜூன் 21-ஆம் நாள் கொலம்பியா திறப்பு விழா நடந்தது. அந்த நாளின் சூழலை உணர்ந்தால்தான் அடுத்து நிகழ்ந்ததன் அருமை விளங்கும். வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்துகொள்வதைத் தடுத்த, முந்நூறு ஆண்டுப் பழமையுடைய சட்டத்தை மேரிலாந்து நீக்கியது அதே 1967-இல்தான். நாடு முழுவதிலும் அத்தகைய சட்டங்கள் செல்லா என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது, திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்கள் முன்பு. ஹோவர்டு மாவட்டத்தில் கறுப்பர் பிள்ளைகளுக்கென்று தனியாக நடந்த ஹாரியட் டப்மன் உயர்பள்ளி மூடப்பட்டு, பள்ளிகள் ஒன்றானது 1965-இல். வீடு விற்பதில் நிறவேற்றுமை பாராட்டலாகாது என்ற தேசியச் சட்டம் வந்ததோ 1968 ஏப்ரலில்.

அச்சட்டம் வருமுன்பே, கொலம்பியாவில் வீடு எவருக்கும் விற்கப்படும் என்ற விதியை ரௌஸ் கடைப்பிடித்தார். நிலம் வாங்கிய கட்டடக்காரர்கள் அனைவரும் இதற்கு உடன்பட வேண்டியிருந்தது. விளம்பரப் படங்களில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே காணப்பட்டனர். கறுப்பர்களை ஒரு தெருவுக்கும் வெள்ளையர்களை மறு தெருவுக்கும் நைச்சியமாகத் திருப்பிவிடும் விற்பனைத் தந்திரத்துக்கு இடம் தரப்படவில்லை.

வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இனப் பிரச்சினையைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய இயலாது என்பது வில்லியம் லெவிட்டின் வாதம். கறுப்பருக்கு விற்றால் வெள்ளையர் வாங்கமாட்டார் என்பதே அதன் உட்பொருள். கொலம்பியா அந்த வாதத்தைப் பேச்சால் மறுக்காமல் கணக்கால் மறுத்தது. வெள்ளையர் வாங்கினார்கள்; கறுப்பரும் வாங்கினார்கள். நிலத்தின் மதிப்பு வீழவில்லை. 1970-களின் நடுவில் ஊரின் மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பர். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இது நான்கில் ஒரு பங்காக இருந்தது. ஆசியர் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். வாசலில் ஒரு விதியை மாற்றி எழுதி, அதை உறுதியாகக் காத்தால், அச்சம் என்று சொல்லப்பட்டதன் பெரும்பகுதி கலைந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கணக்கும் காலமும்

பணத்தின் கணக்கு இவ்வளவு எளிதாக அமையவில்லை. 1980-ஐ ஒட்டி 1,10,000 மக்கள் வாழ்வார்கள் என்று திட்டம் கூறிற்று. ஆனால் 1974-75-இல் அமெரிக்கப் பொருளாதாரம் தளர்ந்தபோது வீடு விற்பனை சுருங்கியது. வாங்கிய கடனுக்கு வட்டியோ சுருங்கவில்லை. கனெக்டிகட் ஜெனரல் நிறுவனம் பொறுமை காட்டியதாலேயே நகரம் பிழைத்தது. அண்டை மாநிலமான வர்ஜீனியாவில், இதே காலத்தில் ரெஸ்டன் என்ற புதுநகரைத் தொடங்கிய ராபர்ட் சைமனுக்கு அப்பேறு கிட்டவில்லை. பணம் போட்ட எண்ணெய் நிறுவனம் 1967-இல் அவரை விலக்கிவிட்டது. 1980-இல் கொலம்பியாவின் மக்கள்தொகை 52,518. குறித்த இலக்கில் பாதிக்கும் குறைவு. 2020-இல்தான் அது 1,04,681 ஆயிற்று. நாற்பதாண்டு தாமதம்.

ரௌஸ் நிறுவனத்தை 2004-இல் வேறொரு பெருநிறுவனம் வாங்கியது. அதுவும் நொடித்தபின் 2010-இல் நிலம் மற்றொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஒருவருடைய கனவு, பங்குச்சந்தைச் சரக்காகக் கைமாறிக்கொண்டே போவதையும் இவ்வூர் கண்டது.

எட்டாத குறிக்கோள்கள்

தவறியவை எவை என்பதையும் சொல்லாவிட்டால் வரலாறு முழுமை பெறாது. கிராமங்களை இணைக்கும் சிற்றுந்துகளில் மக்கள் ஏறுவார்கள் என்று திட்டமிட்டார்கள். மக்கள் தத்தம் காரிலேயே போனார்கள். பெரும் அங்காடிகள் ஊரின் ஓரங்களில் எழுந்தபோது கிராம மையங்களின் மளிகைக் கடைகள் நலிந்தன. முதல் கிராமமான வைல்டு லேக்கின் அங்காடியே 2006-இல் மூடப்பட்டது. குடும்பங்கள் தற்செயலாகச் சந்திக்கட்டும் என்று கருதி அமைத்த இடங்களே இப்படி வெறிச்சோடின.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. நிறுவனத்தின் தலைவரும் அவர் அலுவலகத்தைக் கூட்டுபவரும் ஒரே ஊரில் வாழ வேண்டும் என்பது ரௌஸின் விருப்பம். தொடக்க ஆண்டுகளில் சமயச் சபைகள் கூடி அமைத்த கழகம், குறைந்த வருவாயுடையோருக்காக 300 அளவில் வீடுகள் கட்டியது. ஆனால் ஊரின் புகழ் வளர வளர வீட்டு விலையும் வளர்ந்தது. அரசின் உதவிப் பணம் குறைந்தது. நல்ல ஊர் என்ற பெயரே ஏழைக்கு மதிலாயிற்று. நிறத்தின் வாசலைத் திறந்த ஊர், வருவாயின் வாசலை அந்த அளவுக்குத் திறந்துவைக்க இயலவில்லை.

இதன் விளைவு பள்ளிகளில் தெரிந்தது. 1990-களில் கடைசியாக எழுந்த ரிவர் ஹில் கிராமம் செல்வர் மிகுந்தது. பழைய கிராமங்கள் சிலவற்றின் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் மிகுந்தனர். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதையும் ஒரு நோக்கமாகக் கொண்டு, பள்ளி எல்லைகளை மாற்றிப் பல ஆயிரம் மாணவர்களை இடம்பெயர்க்கும் திட்டத்தை 2019-இல் மாவட்டப் பள்ளி நிர்வாகம் கொண்டுவந்தபோது, பெற்றோர் பலர் கொதித்தெழுந்தனர். கூட்டங்களும் ஊர்வலங்களும் நடந்தன. திட்டம் சற்றுச் சுருங்கிய வடிவில் அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிற்று. எதிர்த்தோருள், வேற்றுமை பாராட்டாத ஊர் என்று பெருமை கொண்டு குடிவந்தவர்களும் இருந்தார்கள். அயலாரை வரவேற்பது ஒன்று. தம் பிள்ளை பெறும் நன்மையில் அயலார் பிள்ளைக்கும் பங்கு கொடுப்பது வேறொன்று. முன்னதை விற்பனை விதி சாதித்தது. பின்னதற்கு எந்த வரைபடமும் போதவில்லை.

ரௌஸ் இதை உணராதவர் அல்லர். 1979-இல் நிறுவனத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்ற அவர், பேரங்காடிகள் கட்டிய அனுபவத்தோடு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. 1982-இல் தம் துணைவியாரோடு சேர்ந்து, ஏழைகளுக்கு வீடமைக்கும் அறநிறுவனம் ஒன்றை நிறுவினார். தம் நகரம் செய்யாமல் விட்ட பணியைத் தம் முதுமைக்கு வைத்துக்கொண்டார் போலும். 1995-இல் நாட்டின் உயரிய குடிமக்கள் விருது அவருக்குக் கிடைத்தது. 1996 ஏப்ரலில், தாம் கண்ட கொலம்பியாவிலேயே அவர் காலமானார்.

கொலம்பியா வென்றதா, தோற்றதா என்று ஒரு சொல்லில் கேட்பவர்களுக்கு விடையளிப்பது கடினம். ஏரியும் தெருவும் பள்ளியும் எங்கே அமைய வேண்டும் என்பதைத் திட்டம் தீர்மானித்தது. இன்னார் இங்கே வரலாகாது என்ற தடையை நீக்குவதையும் திட்டம் சாதித்தது. அது சிறு சாதனையன்று. கற்கள் பறந்த 1957-க்கும் விழா நடந்த 1967-க்கும் இடையே பத்தே ஆண்டுகள் என்பதை நினைத்தால் அதன் அளவு புலப்படும். ஆனால் அடுத்த வீட்டுக்காரரின் பிள்ளையும் நம் பிள்ளையைப்போல் படிக்கட்டும் என்று நினைக்கும் மனத்தை, நிலம் வாங்கியவர் எவரும் கட்டித் தர முடியவில்லை. அதை அங்கு வாழ வந்த ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நகர மையத்தைப் புதுப்பிக்கும் வேலையோடு, எளியோருக்கும் வீடு ஒதுக்கும் உடன்பாடு ஒன்று 2016-இல் ஏற்பட்டுள்ளது. அவ்வீடுகள் முழுதும் எழுந்து, அவற்றில் குடிவருவோரைப் பழைய குடிகள் எவ்வாறு ஏற்கின்றனர் என்பதை வைத்துத்தான் ரௌஸின் கணக்கு நிறைவாகத் தீர்க்கப்படும்.